மஞ்சள் தூள், சமையலுக்கல்ல

மண்டபத்தில் துறைமுகத்துக்குப் போகும் வழியில்
ஐஸ் கம்பெனிக்கு எதிரே என் கடை.
பழைய உருளையைப் பிரிப்பேன். கொட்டிச் சலிப்பேன்.
புதுத் தூளை நிறுத்துப் போட்டு
நைட்ரஜன் ஏற்றி, முள் பச்சைக்கு வந்ததும்
ரசீது எழுதுவேன்: ஏபிசி, ஆறு கிலோ.

மஞ்சத்தூள்காரி என்று எனக்குப் பேர் வைத்தவன்
வலை முடியும் ஆரோன்.
சாம்பாரில் போட்டுப் பாரேன் என்றேன்.
பாவி, நாக்கிலேயே வைத்துப் பார்த்தான்.
முதலில் ஒன்றுமில்லை, பிறகு புளிப்பு,
புளிப்புக்கு அடியில் உப்பு.
பாக்கி நாள் பூராவும் துப்பிக்கொண்டே முடிந்தான்.

மோனோ அம்மோனியம் ஃபாஸ்பேட்.
சொல்லி முடிப்பதற்குள் படகு பாதி எரிந்துவிடும்.
ஈரத்தைக் கண்டால் கட்டிதட்டுகிற சாதி.
இந்தக் கரையில் சோளகத்திலும் ஈரம், கொண்டலிலும் ஈரம்,
எனவே ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய சிலிக்கோன் பூச்சு.
ஒரு கரண்டி எடுத்து வாளித் தண்ணீரில் தூவினால்
நனையாமல் மிதக்கும்,
கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி.

தை மாதம் சீனி நெய்னாவின் விசைப்படகில்
டீசல் குழாய் வெடித்தது. கரையே தெரியாத தூரம்.
சவேரி பின்னைப் பிடுங்கி இயந்திர அறைக்குள் அடித்தான்.
நூற்றுத் தொண்ணூறு டிகிரிக்கு இது உருகும்.
உருகிப் பாகாகி, கனன்ற பலகைமேல் படிந்து
காற்றை உள்ளே விடாமல் மூடும்.
இதெல்லாம் நான் சொல்வது.
சவேரி சொன்னது:
"மூத்திர நாத்தம் மூக்கத் தொளச்சுச்சுக்கா.
நிமிந்து பாத்தா தீயக் காணோம்."

மூன்றாம் நாள் நெய்னா வந்தார்.
அலுமினியப் பம்பில் அம்மைத் தழும்பு.
"தீ தின்னது கொஞ்சம், ஒந்தூள் தின்னதுதான் மிச்சம்."
அன்றைக்கே நல்ல தண்ணி ஊற்றிக் கழுவச் சொன்னேனே.
"நல்ல தண்ணியா? குடம் பதினஞ்சு ரூவா,
குடிக்கவா, பம்பைக் குளிப்பாட்டவா?"
அதற்கு என்னிடம் பதிலில்லை.
பாதிப் பணம் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

தடைக்காலம். படகுகள் சும்மா ஆடுகின்றன.
கெடு முடிந்த தூள் ஆறு மூட்டை என் பின்கட்டில்.
வற்றல் விற்க வந்த பூமயில்,
உத்தரகோசமங்கைக்கு அந்தப்பக்கத்துக் காரி,
சாக்கின் எழுத்தை விரலால் தடவி வாசித்தாள்.
"ஃபாஸ்பேட்டுன்னா மணிச்சத்துதான?
சொசைட்டில டிஏபிக்கு மூணு தடவ நின்னுட்டேன்."
இது அதன் பங்காளிதான், ஆனால் நனையாது என்றேன்,
வாளியில் தூவியும் காட்டினேன்.
மிதக்கிற தூளை வெகுநேரம் பார்த்தாள்.
"நனைய வச்சா?"

உரலில் இடித்திருக்கிறாள், சோப்புத்தண்ணி ஊற்றி.
ஆட்டெருவில் புரட்டி, மூன்று மாதம் மிதித்து வைத்து
ஐப்பசி முதல் மழைக்கு நாலே பாத்தியில் போட்டிருக்கிறாள்.
மணிச்சத்து மண்ணில் நடக்காது.
விழுந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்,
வேர்தான் அதைத் தேடிப் போகவேண்டும்.

இதற்கிடையில் புரட்டாசியில் கடல் பச்சையாகியிருந்தது.
பூங்கோரை என்றார்கள். ஓரா மீன் வயிறு காட்டி ஒதுங்கியது.
நெய்னாவின் படகைக் கழுவிய மஞ்சள் தண்ணீர்
போனதும் இந்தக் கடலுக்குத்தான்.
அந்த ஆறு கிலோவா இத்தனைக்கும் காரணம்? இருக்காது.
இருந்தாலும் அன்று கடை திறக்கவில்லை.

மாசியில் பூமயில் ஒரு பை மிளகாயோடு வந்தாள்.
"ஒம்பொடி போட்ட பாத்தி ஒசந்துதான் நின்னுச்சு.
எருவு வேலையா, பொடி வேலையா, ஆருக்குத் தெரியும்?
இன்னொரு மூட்டை குடு. இந்தவாட்டி காசுக்கு.
ரசீது போட்டுக் குடு."

எழுதினேன்: தீயணைக்கும் தூள், கெடு முடிந்தது, ஒரு மூட்டை.
உபயோகம் என்ற கட்டத்தில்: மிளகாய்.

தணிக்கைக்கு வந்தவர் அந்த வரியை
இரண்டுதரம் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மூன்றாவது தரமும்.